தைராய்டு கட்டியில் ஊசி குத்திப் பார்த்தும் முடிவு தெளிவாக வரவில்லை என்றால்?

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் சொல்லிப் பார்க்கிறேன். அம்மாவுக்கு வயது 54. கழுத்தின் வலப்பக்கம் தைராய்டில் 1.8 சென்டிமீட்டர் கட்டி, ஸ்கேனில் அதற்கு டைராட்ஸ் 4 (கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியதாகத் தெரிகிறது என்பதற்கான எண்) என்று போட்டிருக்கிறார்கள். இடப்பக்கம் 6 மில்லிமீட்டரில் இன்னொரு சின்னக் கட்டி, அது டைராட்ஸ் 3. வலப்பக்கக் கட்டியில் மெல்லிய ஊசி குத்திச் செல் எடுத்துப் பார்த்த எஃப்என்ஏசி ரிப்போர்ட்டில் 'பெதெஸ்டா 3, ஏயூஎஸ்' என்று, அதாவது ஆறு பிரிவுகளில் மூன்றாவதான 'அர்த்தம் நிச்சயமில்லாத மாற்றம்' என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் மறுபடி ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார். இன்னொருவர் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்கிறார். ஊசி குத்தினாலே கேன்சர் பரவிவிடும் என்று உறவினர் ஒருவர் வேறு பயமுறுத்துகிறார். சின்னக் கட்டியையும் ஊசி போட்டுப் பார்க்க வேண்டாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இத்தனைக்கும் அடியில் இருக்கிற கேள்வி ஒன்றுதான்: உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லாத ஒரு சோதனையை எதற்குச் செய்கிறார்கள், அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நான் செல்களை ஆராயும் சைட்டாலஜி பார்க்கும் பேத்தாலஜிஸ்ட். இந்த மாதிரி ஸ்லைடுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் பல வருடங்களாக என் அன்றாட வேலை. அம்மாவின் ஸ்லைடையோ ஸ்கேன் படத்தையோ நான் பார்க்கவில்லை, அவரைப் பரிசோதிக்கவும் இல்லை. அதனால் அவருக்கு இதைத்தான் செய்ய வேண்டும் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த ரிப்போர்ட்டுக்கு என்ன அர்த்தம், அதற்கு அடுத்து வழக்கமாக என்ன செய்வார்கள், எங்கே மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு என்று சொல்ல முடியும். கவலையோடு காத்திருப்பீர்கள் என்பதால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெதெஸ்டா 3 என்பது கேன்சர் என்ற ரிப்போர்ட் கிடையாது. இந்தப் பிரிவில் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கேன்சர் இருப்பதில்லை. இந்த வாரமே முடிவெடுத்தாக வேண்டும் என்ற அவசரமும் சாதாரணமாக இருக்காது.

தைராய்டில் கட்டி இருப்பது மிகச் சாதாரணம். கையால் தொட்டால் தெரிகிற அளவு கட்டி 100 பெரியவர்களில் 4 முதல் 7 பேருக்கு இருக்கும். அல்ட்ராசவுண்ட் வைத்துத் தேடினால் நடுவயது தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஏதாவது ஒன்று தென்படும். பெண்களுக்கு அதிகம், வயது ஏற ஏற இன்னும் அதிகம். இப்படிக் கண்டுபிடித்து ஆராயப்படும் கட்டிகளில் 100க்கு 5 முதல் 15 வரைதான் கேன்சர். மெல்லிய ஊசி முறை வருவதற்கு முன் இந்தச் சிலரைப் பிரித்தெடுக்க நல்ல வழி இல்லை, கத்தி வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. 1930இல் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் மார்ட்டின், எல்லிஸ் என்ற இருவர் கட்டிகளை ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதைப் பற்றி எழுதினார்கள். அப்போது பயன்படுத்தியது தடித்த ஊசி. 1950களுக்குப் பிறகு ஸ்வீடன் மருத்துவர்கள் மெல்லிய ஊசியில் அதைச் செய்து பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள், அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. பரவிய இடங்களில் தைராய்டு கட்டிக்கான ஆபரேஷன்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் உண்மையிலேயே கேன்சர் இருந்தவர்களின் விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. எதற்கு இந்தச் சோதனை என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இதுதான்: யாரை ஆபரேஷன் இல்லாமல் விட்டுவிடலாம் என்று பிரித்துக் காட்டுவதுதான் இதன் பெரிய வேலை. இதைக் கேன்சர் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் சோதனையாக எடுத்துக்கொள்ளும்போதுதான் ஏமாற்றம் வருகிறது.

ஊசிக்கு முன்னால் இரண்டு விஷயம் பார்த்திருக்க வேண்டும். ஒன்று ரத்தத்தில் டிஎஸ்எச், அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன். அது குறைவாக இருந்தால் கட்டியே ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறதோ என்று பார்க்க அணுக்கதிர் ஸ்கேன் எடுப்பார்கள். அப்படிச் சுரக்கிற கட்டியில் கேன்சர் மிக அரிது, பெரும்பாலும் ஊசியே தேவைப்படாது. தேவையில்லாமல் குத்தினால் செல்கள் ஏராளமாக வந்து பார்க்கிறவரைக் குழப்பும். அம்மாவின் டிஎஸ்எச் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, அதைப் பாருங்கள். இரண்டாவது அல்ட்ராசவுண்ட். டைராட்ஸ் எண் அதிலிருந்துதான் வருகிறது. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2017இல் வெளியிட்ட முறையில், கட்டி திடமானதா நீர்க்கட்டியா, சுற்றியிருக்கும் தைராய்டைவிடக் கறுப்பாகத் தெரிகிறதா, அகலத்தைவிட உயரம் அதிகமா, விளிம்பு ஒழுங்கற்றதா, உள்ளே பொடிப்பொடியான வெள்ளைப் புள்ளிகள் உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். டைராட்ஸ் 5 என்றால் 1 சென்டிமீட்டரிலிருந்தும், 4 என்றால் 1.5 சென்டிமீட்டரிலிருந்தும், 3 என்றால் 2.5 சென்டிமீட்டரிலிருந்தும் ஊசி போடச் சொல்கிறது அந்த முறை. 1, 2 என்றால் வேண்டாம். ஐரோப்பாவிலும் கொரியாவிலும் தனித்தனி டைராட்ஸ் முறைகள் இருப்பதால் அளவுகள் கொஞ்சம் மாறலாம். அம்மாவின் 1.8 சென்டிமீட்டர் கட்டிக்கு ஊசி போட்டது சரியான முடிவுதான்.

ஊசி போடுகிற அறையில் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் ரிப்போர்ட் ஏன் சில சமயம் மங்கலாக வருகிறது என்பதும் புரியும். தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்துப் படுக்கச் சொல்வார்கள். அல்ட்ராசவுண்டில் கட்டியைப் பார்த்துக்கொண்டே 25 அல்லது 27 கேஜ் ஊசியைச் செலுத்துவார்கள். ரத்தம் எடுக்கிற ஊசியைவிட மெல்லியது அது. ஊசி உள்ளே இருக்கிற சில நொடிகள் எச்சில் விழுங்கக் கூடாது, பேசக் கூடாது, ஏனென்றால் விழுங்கும்போது தைராய்டு மேலே ஏறி இறங்கும். அந்த நொடிகளில் ஊசியைக் கட்டிக்குள்ளேயே சட்சட்டென்று முன்னும் பின்னும் அசைப்பார்கள். பிய்ந்து வரும் செல்கள் ஊசியின் குழலுக்குள் ஏறிக்கொள்ளும். கிடைப்பது ஒரு சொட்டுதான். அதை ஸ்லைடில் வைத்து இன்னொரு ஸ்லைடால் மெல்லிதாக இழுத்துத் தேய்க்க வேண்டும். ஒரு ஸ்லைடை உடனே ஆல்கஹாலில் முக்குவோம், உட்கருவின் நுணுக்கங்கள் அதில் நன்றாகத் தெரியும். இன்னொன்றைக் காற்றில் உலர விடுவோம், கொலாய்டும் (தைராய்டுக்குள் சேர்ந்திருக்கும் பசை போன்ற பொருள்) செல்லின் உடல் பகுதியும் அதில் நன்றாகத் தெரியும். ஆல்கஹாலில் போடுவதற்குச் சில நொடிகள் தாமதித்தாலும் செல்கள் காய்ந்து, உட்கரு உப்பி வெளிறிப்போகும். அது பார்ப்பதற்குச் சந்தேகத்துக்குரிய மாற்றம் போலவே இருக்கும். தைராய்டில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் ஊசியை அதிக நேரம் உள்ளே வைத்தால் ஸ்லைடு முழுக்க ரத்தமாகிவிடும். குத்துகிற கையின் பழக்கம் ரிப்போர்ட்டின் தரத்தில் பாதி என்று நான் நம்புகிறேன்.

வந்த செல்கள் போதுமா என்பதற்கும் ஒரு வரையறை உண்டு. நன்றாகத் தெரிகிற ஃபாலிக்குலர் செல்களின் (தைராய்டு ஹார்மோனைச் சுரக்கும் செல்கள்) கூட்டங்கள் குறைந்தது 6 இருக்க வேண்டும், ஒவ்வொரு கூட்டத்திலும் குறைந்தது 10 செல்லாவது இருக்க வேண்டும். இதற்குக் குறைந்தால் 'போதாது' என்று எழுதுவோம். ஆனால் கெட்டியான கொலாய்டு நிறைய இருந்தால் செல் குறைவாக இருந்தாலும் சாதாரணக் கட்டி என்று சொல்லலாம். ஒரே ஒரு கூட்டம்தான் இருக்கிறது, அதில் உட்கரு மாற்றம் தெளிவாகத் தெரிகிறது என்றால், எண்ணிக்கையைப் பார்க்காமல் அதைச் சொல்லியே ஆக வேண்டும். நீர்க்கட்டிகளில் இந்தச் சிக்கல் அதிகம். உறிஞ்சினால் நீரும் அதைத் தின்று ஊதிய பாதுகாப்புச் செல்களும்தான் வரும். அதைப் பார்த்துவிட்டுக் கேன்சர் இல்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் பேப்பிலரி கேன்சரும் சில சமயம் நீர்க்கட்டியாகவே வளரும். திடமான பகுதி எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கே குத்த வேண்டும்.

இந்தச் சோதனை எங்கே பலமானது என்று கேட்டால் தயங்காமல் பேப்பிலரி கேன்சரில் என்பேன். தைராய்டு கேன்சர்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் அந்த வகைதான். அதன் அடையாளமெல்லாம் உட்கருவில் இருக்கிறது. உட்கரு பெரிதாகி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். நடுவில் நீளவாக்கில் ஒரு மடிப்புக்கோடு ஓடும். உள்ளே இருக்க வேண்டிய பொருள் பொடித்தூள் போல வெளிறியிருக்கும். சிலவற்றில் செல்லின் உடல்பகுதியே உட்கருவுக்குள் பிதுங்கி, வட்டமாக, ஓரம் வெட்டினாற்போல் தெரியும். இவை எல்லாம் சேர்ந்து வந்துவிட்டால் கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லிவிடலாம். மெடுல்லரி கேன்சரையும் கண்டுபிடிக்கலாம், ஆனால் அது பல வேஷம் போடும். சந்தேகம் வந்தால் ரத்தத்திலோ ஊசியைக் கழுவிய நீரிலோ அந்தக் கேன்சர் சுரக்கும் கால்சிடோனின் என்ற ஹார்மோனைப் பார்க்கச் சொல்வோம். குடும்பத்தில் யாருக்காவது அந்த வகை இருந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். லிம்ஃபோமா (நிணநீர்ச் செல்களில் வரும் கேன்சர்) என்று தோன்றினால் வேறு சோதனைகளுக்கு இன்னொரு முறை செல் எடுக்க வேண்டியிருக்கும்.

பலவீனம் எங்கே என்றால் ஃபாலிக்குலர் வகைக் கட்டிகளில். ஃபாலிக்குலர் அடினோமா தீங்கில்லாதது, ஃபாலிக்குலர் கார்சினோமா கேன்சர். இரண்டிலும் செல்கள் ஒன்று போலவே இருக்கும். கட்டியைச் சுற்றியிருக்கிற உறையைத் துளைத்துக்கொண்டு செல்கள் வெளியே போயிருக்கின்றனவா, ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கின்றனவா என்பதுதான் வித்தியாசம். தோட்டத்து நடுவிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி வந்து கொடுத்துவிட்டு, மரத்தின் வேர் மதிலைத் தாண்டிப் போயிருக்கிறதா என்று கேட்டால் எப்படிச் சொல்வது? கட்டியை முழுதாக எடுத்து, உறையைச் சுற்றிலும் வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். எவ்வளவு அனுபவம் உள்ளவர் பார்த்தாலும், எவ்வளவு நல்ல மைக்ரோஸ்கோப் இருந்தாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. உங்கள் கேள்வியில் இருந்த கோபம் நியாயமானது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் ரிப்போர்ட் எழுதியவர் இல்லை. அந்த மாதிரிக் கட்டியின் இயல்பே அப்படி.

இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகளை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதி, படிக்கிற டாக்டருக்குக் குழப்பம் வந்ததால்தான் 2007இல் அமெரிக்காவின் பெதெஸ்டா நகரில் நிபுணர்கள் கூடி ஆறு பிரிவுகளை வகுத்தார்கள். 2010இல் அது புத்தகமாக வந்தது, இப்போது நடப்பில் இருப்பது 2023இல் வந்த மூன்றாம் பதிப்பு. ஒவ்வொரு பிரிவிலும் ஆபரேஷனுக்குப் பிறகு கேன்சர் என்று தெரியவந்தவர்கள் சராசரியாக எத்தனை பேர் என்பதையும் அதில் கொடுத்திருக்கிறார்கள். பிரிவு 1, செல் போதாதது: 100க்கு 13. பிரிவு 2, தீங்கில்லாதது: 4. பிரிவு 3, அம்மாவுக்கு வந்த ஏயூஎஸ்: 22. பிரிவு 4, ஃபாலிக்குலர் கட்டி: 30. பிரிவு 5, கேன்சர் என்று பலத்த சந்தேகம்: 74. பிரிவு 6, கேன்சர்: 97. ஏயூஎஸ்ஸுக்கு இடத்தைப் பொறுத்து 13 முதல் 30 வரை வரலாம் என்கிறது அந்தப் பதிப்பு.

இந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இணையத்தில் 22 என்று பார்த்துவிட்டுத் தூக்கம் போனவர்களை எனக்குத் தெரியும். உண்மையில் கேன்சர் இருந்ததா என்பது ஆபரேஷன் செய்தவர்களில்தான் நிச்சயமாகத் தெரியும். ஏயூஎஸ் வந்த எல்லோரும் ஆபரேஷனுக்குப் போவதில்லை. ஸ்கேன் பயமுறுத்துவதாக இருந்தவர்கள், கட்டி வளர்ந்தவர்கள், மறுபடி குத்தியும் சந்தேகம் தீராதவர்கள்தான் பெரும்பாலும் போகிறார்கள். அதனால் ஆபரேஷன் செய்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு, எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்தால் இருக்கக்கூடியதைவிட உயர்வாகத்தான் இருக்கும். இன்னொன்றும் உண்டு. உறையைத் தாண்டாமல், பேப்பிலரி கேன்சர் போன்ற உட்கருவை மட்டும் கொண்ட ஒரு வகைக் கட்டியை 2016இல் கேன்சர் பட்டியலிலிருந்தே நீக்கி நிஃப்ட்பி என்று வேறு பெயர் வைத்தார்கள். அதைக் கேன்சரோடு சேர்த்து எண்ணுகிறார்களா, விட்டுவிடுகிறார்களா என்பதைப் பொறுத்து இந்த நடுப் பிரிவுகளின் சதவீதம் மாறிவிடும். அதனால் 22 என்பதை அம்மாவின் தலையில் எழுதிய எண்ணாகப் பார்க்காதீர்கள்.

சரி, ஏயூஎஸ் என்றால் ஸ்லைடில் என்னதான் தெரிந்திருக்கும்? தீங்கில்லாதது என்று தைரியமாகச் சொல்லவும் முடியாமல், பிரிவு 4, 5 என்று எழுதும் அளவுக்கும் போகாமல் ஏதோ ஒரு மாற்றம் இருந்திருக்கும். பெரும்பாலான செல்கள் சாதாரணமாக இருந்து, நாலைந்து செல்களில் மட்டும் மடிப்புக்கோடு தெரிந்திருக்கலாம். அல்லது செல்கள் குறைவாகவே வந்து, வந்தவை எல்லாம் சின்னச்சின்ன வளையங்களாக இருந்திருக்கலாம். அல்லது ஸ்லைடு சரியாகப் பதப்படாமல் உட்கரு உப்பியிருக்கலாம். மூன்றாம் பதிப்பில் இந்தப் பிரிவை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறார்கள்: உட்கருவில் மாற்றம் உள்ளவை, மற்றவை. உட்கரு மாற்றம் என்று எழுதியிருந்தால் கேன்சருக்கான வாய்ப்பு கூடுதல். மற்றவை என்றால் குறைவு. அம்மாவின் ரிப்போர்ட்டில் ஏயூஎஸ் என்ற வார்த்தைக்குக் கீழே இரண்டு மூன்று வரி விளக்கம் இருக்கும், நீங்கள் அதை எழுதவில்லை. தலைப்பைவிட அந்த வரிகள்தான் எனக்கு முக்கியம். மறுபடி ஊசியா ஆபரேஷனா என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

செல்லில் மாற்றம் தெரிவதற்குக் கேன்சர் இல்லாத காரணங்களும் பல. ஹாஷிமோட்டோ என்ற தைராய்டு அழற்சி இருந்தால் செல்கள் பெரிதாகி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருக்கும். தைராய்டு ஹார்மோனைக் குறைக்கும் கார்பிமசோல் போன்ற மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும், எப்போதாவது ரேடியோ அயோடின் கொடுக்கப்பட்டவர்களுக்கும் உட்கரு பயமுறுத்தும்படி மாறியிருக்கும். தைராய்டை ஒட்டியோ அதற்குள்ளேயோ இருக்கும், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியில் ஊசி பட்டால் அது ஃபாலிக்குலர் கட்டி போலவே தோன்றும். எங்களுக்கு வருவது பெரும்பாலும் பெயர், வயது, 'தைராய்டு கட்டி' என்ற ஒரு வரி, அவ்வளவுதான். அம்மா சாப்பிடும் மாத்திரைகள், தைராய்டு ஆன்டிபாடி சோதனையின் முடிவு, ரத்தத்தில் கால்சியம் அளவு, கழுத்துக்கு முன்பு எப்போதாவது கதிர்வீச்சு கொடுத்ததுண்டா என்பது, ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகல், இதையெல்லாம் அடுத்த முறை ஊசிக்குப் போகும்போது கையில் கொண்டுபோய், சைட்டாலஜிக்கு அனுப்பும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். இது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை.

ஏயூஎஸ் என்பது பார்க்கிறவருக்குப் பார்க்கிறவர் மாறக்கூடிய பிரிவு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரிவு 2, 6 ஆகியவற்றில் இரண்டு பேத்தாலஜிஸ்டுகள் ஒத்துப்போவது போல இதில் ஒத்துப்போக மாட்டார்கள். ஒரு லேபில் வரும் தைராய்டு ரிப்போர்ட்டுகளில் இந்தப் பிரிவு 100க்கு 10ஐத் தாண்டக் கூடாது என்று பெதெஸ்டா முறையே சொல்வது, இது முடிவெடுக்கச் சங்கடப்படும்போதெல்லாம் ஒதுங்கும் இடமாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான். அதனால் ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கி, தைராய்டு சைட்டாலஜி அதிகம் பார்க்கும் இன்னொருவரிடம் காட்டுவதில் தவறே இல்லை. நானும் மற்றவர்களிடம் காட்டுகிறேன், மற்றவர்களும் என்னிடம் அனுப்புகிறார்கள். முதலில் பார்த்தவரை அவமதிப்பதாக யாரும் நினைக்க மாட்டார்கள். மறுபடி குத்திப் பார்ப்பதும் வீண் வேலை இல்லை. பெரும்பாலோருக்கு இரண்டாவது முறை ஏயூஎஸ் அல்லாத வேறு ஒரு பிரிவு வந்துவிடும், அதிலும் பெரும்பங்கு தீங்கில்லாதது என்றே வரும். முடிந்தால், ஊசி போடும் இடத்திலேயே ஒருவர் ஸ்லைடைச் சாயமேற்றி, செல் போதுமா என்று உடனே பார்த்துச் சொல்லும் வசதி உள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

இனி, நிச்சயமில்லாத பகுதிகள். முதல் ஊசிக்கும் இரண்டாவது ஊசிக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது? மூன்று மாதம் என்று பழைய வழக்கம், குத்திய இடம் ஆறும்போது செல்கள் மாறித் தெரியும் என்பதற்காக. அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன, ஆனாலும் பலர் பழைய வழக்கத்தைத் தொடர்கிறார்கள். மூலக்கூறு சோதனைகள் இன்னொன்று. ஊசியில் வந்த செல்களிலேயே பிராஃப், ராஸ் போன்ற மரபணு மாற்றங்களைத் தேடலாம். பிராஃப் மரபணுவில் வி600இ என்ற மாற்றம் இருந்தால் பேப்பிலரி கேன்சர் என்பது ஏறக்குறைய உறுதி, ஆனால் இல்லையென்றால் கேன்சர் இல்லை என்று சொல்ல முடியாது. ராஸ் மாற்றம் தீங்கில்லாத கட்டியிலும் இருக்கும், கேன்சரிலும் இருக்கும். பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் அஃபிர்மா, தைரோசெக் போன்ற சோதனைகள் நடுப் பிரிவில் வந்தவர்களில் ஆபரேஷன் தேவைப்படாதவர்களைப் பிரித்தெடுக்க உதவுகின்றன. விலை அதிகம், எல்லா இடத்திலும் கிடைப்பதும் இல்லை. தடித்த ஊசியால் சதைத்துண்டு எடுக்கும் கோர் பயாப்சியைக் கொரியாவில் அதிகம் செய்கிறார்கள். செல் போதவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு அது பயன்படும். ஆனால் ஃபாலிக்குலர் கட்டியில் உறையின் கேள்வி அதிலும் முழுதாகத் தீராது. 4 சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டிகளில் 'தீங்கில்லாதது' என்ற ரிப்போர்ட்டை அதே அளவு நம்பலாமா என்பதிலும் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அம்மாவின் கட்டி அந்த அளவு இல்லை என்பதால் அது உங்களுக்கு வேண்டாத கவலை.

ஊசி குத்தினால் பரவும் என்ற பயத்துக்கு வருகிறேன். ஊசி போன பாதையில் கேன்சர் செல்கள் ஒட்டி வளர்ந்ததாகப் பதிவுகள் உண்டு. இல்லவே இல்லை என்று சொன்னால் அது உண்மை ஆகாது. ஆனால் உலகமெங்கும் ஆண்டாண்டுகளாக இத்தனை பேருக்குக் குத்தியும் அது தனித்தனிச் சம்பவங்களாக எழுதப்படும் அளவுக்குத்தான் அரிது. அப்படி வந்தவையும் பெரும்பாலும் தோலுக்கடியில் ஒரு சின்ன முடிச்சாக வந்து, வெட்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. ஊசி போடாமல் எல்லோருக்கும் ஆபரேஷன் செய்தால் வரக்கூடிய குரல் பாதிப்பு, கால்சியம் குறைவு, ஆயுளுக்கும் மாத்திரை ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இது எங்கேயோ கீழே நிற்கிறது. ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் வலி, கொஞ்சம் ரத்தம் கட்டுதல் இருக்கலாம். ரத்தத்தை நீர்க்கச்செய்யும் மாத்திரை அம்மா சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல பேருக்கு அதை நிறுத்தத் தேவையே இருக்காது.

இடப்பக்கத்து 6 மில்லிமீட்டர் கட்டியைக் குத்த வேண்டாம். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. டைராட்ஸ் 3இல் அந்த அளவுக்குத் தொடர்ந்து ஸ்கேன் எடுக்கவே தனியாகச் சொல்லப்படவில்லை, வலப்பக்கத்துக்காக எடுக்கும் ஸ்கேனில் அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் நல்லதுதானே என்று தோன்றும். தென்கொரியாவில் 1999க்குப் பிறகு கேன்சர் பரிசோதனை முகாம்களோடு சேர்த்துத் தைராய்டு ஸ்கேனும் பெருமளவில் எடுக்கத் தொடங்கினார்கள். 2011இல் அங்கே தைராய்டு கேன்சர் கண்டுபிடிக்கப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு. ஆனால் அந்தக் கேன்சரால் இறந்தவர்களின் விகிதம் மாறவே இல்லை. கண்டுபிடித்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஆபரேஷன் நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டி இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்திருப்பார்கள். ஜப்பானில் கோபே நகரின் கூமா மருத்துவமனையில் 1993 முதல், 1 சென்டிமீட்டருக்குக் குறைவான, வேறு ஆபத்து அடையாளம் இல்லாத பேப்பிலரி கேன்சர்களையே ஆபரேஷன் செய்யாமல் கண்காணித்துவருகிறார்கள், பெரும்பாலானவை வளரவே இல்லை. ஊசியை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதும் இந்தச் சோதனையைப் பற்றிய அறிவில் ஒரு பகுதிதான், அதை நாங்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

உங்கள் இரண்டு டாக்டர்களும் ஒருவருக்கொருவர் எதிராகப் பேசவில்லை. ஏயூஎஸ் வந்தால் மறுபடி ஊசி, மூலக்கூறு சோதனை, கண்காணிப்பு, ஆபரேஷன் நான்குமே வழிகாட்டு நெறிகளில் உள்ள வழிகள்தான். ஸ்கேனில் பலமான சந்தேகம் இல்லை, கழுத்தில் நெறிக்கட்டி இல்லை, ரிப்போர்ட்டில் உட்கரு மாற்றம் என்று அழுத்திச் சொல்லவில்லை என்றால் பெரும்பாலோர் முதலில் மறுபடி ஊசியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், என் சாய்வும் அதுதான். இரண்டாவது முறையும் ஏயூஎஸ் வந்தாலோ, உட்கரு மாற்றம் தெளிவாக இருந்தாலோ, இந்த நிச்சயமின்மையோடு இருப்பதே அம்மாவுக்குத் தாங்க முடியாததாக இருந்தாலோ ஆபரேஷன் நியாயமான முடிவு. ஆபரேஷன் சொன்ன டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வலப்பக்கப் பாதியை மட்டும் எடுப்பதா, முழுதாகவா? கேன்சர் உறுதியாகாத நிலையில், வேறு காரணம் இல்லாவிட்டால், கட்டி இருக்கும் பாதியை மட்டும் எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் பலருக்குத் தைராய்டு மாத்திரை தேவைப்படாமலே போகலாம். எடுத்த பாதியை வெட்டிப் பார்க்கும்போது, நான் மேலே சொன்ன உறையின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

அவசரம் இல்லை என்று சொன்னதற்குச் சில விலக்குகள் உண்டு. கட்டி சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரிய வளர்ந்தால், குரல் கம்மிப்போய்த் திரும்பாமல் இருந்தால், சாப்பாடு இறங்கச் சிரமமானால், மூச்சு இரைந்தால், கழுத்தின் பக்கவாட்டில் கெட்டியான நெறி தட்டுப்பட்டால் அடுத்த ஊசிக்குக் குறித்த தேதிவரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ஊசி போட்ட அன்றே கழுத்து வேகமாக வீங்கி மூச்சு முட்டினால் அது ரத்தக் கசிவாக இருக்கலாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். இது மிக அரிது, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் ஏயூஎஸ்ஸுக்குக் கீழே இருக்கும் அந்த இரண்டு மூன்று வரியையும், டிஎஸ்எச் அளவையும், ஸ்கேனில் கட்டியை வர்ணித்திருக்கும் பகுதியையும், பெயர் விவரங்களை நீக்கிவிட்டு இங்கே எழுதினால், அவற்றுக்கு என்ன அர்த்தம் என்று என்னால் முடிந்தவரை விளக்குகிறேன்.